இரண்டு மில்லிமீட்டர்

கீழிமை ஓரத்தில்
தாள்துண்டு ஒன்றைக் கொளுவிவிட்டு
ஐந்து நிமிடம் கண்ணை மூடியிரு என்கிறாள் தாதி.
எடுத்து, ஈரம் ஏறிய கோட்டைப் பார்க்கிறாள்.
வலது இரண்டு மில்லிமீட்டர்.
இடது சைபர்.
நாற்பத்தொன்பது வருடம் அழுதவளின்
இன்றைய கையிருப்பு.

வெளியே வினிப்பெக்,
மைனஸ் முப்பத்தொன்று.
போர்ட்டேஜ் தெருக்காற்று
என் மூடுகண்ணாடிக்கும் கன்னத்துக்கும் நடுவே
விரல் விட்டுப் பார்க்கிறது.
பஸ்ஸில் ஏறுகிறவர்களுக்கெல்லாம்
கண்ணும் மூக்கும் ஒழுகுகிறது.
துடைத்துத் துடைத்து எறிகிறார்கள்.
சும்மா குளிருக்கு வழியும் கண்ணீர்,
என்ன ஊதாரித்தனம்!

உன் தம்பியின் அணுக்கள்
உன் உடம்பை அந்நியம் என்று நினைக்கின்றன
என்றார் டாக்டர்.
கண்ணீர்ச் சுரப்பிகளை எரித்துவிட்டன.
நான் சிரித்தேன்.
அவருக்கு விளங்கவில்லை.

தயாபரன் என்னோடு கதையாமல் விட்டு ஏழு வருடம்.
பிரம்ப்டனில் அவன் கடை போட்டபோது
பிணைக்குக் கையெழுத்துக் கேட்டான்.
நான் வைக்கவில்லை.
அவன் எனக்காக
பன்னிரண்டு பக்கத்தில் வைத்தான், வாசிக்காமல்.
இரண்டு கையிலும் குழாய்.
ஐந்து மணித்தியாலம்.
தொலைக்காட்சியில் ஹாக்கி.
முடிந்ததும் கதவடியில் நின்று
"வாறன்" என்றான்.
அவ்வளவுதான்.

தான் ஆடாவிட்டாலும் தன் தசை ஆடும் என்பார்கள்.
ஆடியது.
தோலில் ஆடியது.
வாயில் ஆடி, ஒரு மிளகாய்த்துண்டைக்கூட
நெருப்பாக்கியது.
பிறகு கண்ணில் வந்து
குடியேறிவிட்டது.

மருந்துக்கடையில்
நகத்தளவு குப்பிகளில் விற்கிறார்கள்
நீலிக் கண்ணீர்.
தலையைத் திருகி, மணிக்கொருமுறை அழுகிறேன்,
யாருக்காகவும் இல்லை.
கண்மூலைத் துவாரங்களில் சிலிக்கான் முளை அடித்திருக்கிறது.
குழாயில் தண்ணீர் வராத வீட்டில்
தொட்டியின் வடிகாலை மட்டும் அடைத்துவிட்டு
காத்திருப்பது போல.

மங்களேஸ்வரி அன்ரியின் செத்தவீட்டில்
எல்லாரும் என் முகத்தையே பார்த்தார்கள்.
எனக்கு அவவில் எவ்வளவு விருப்பம்
என்பது எனக்குத் தெரியும்.
கழிவறைக்குப் போய்
கண்ணுக்கு மும்மூன்று சொட்டு விட்டுக்கொண்டு வந்தேன்.
பக்கத்திலிருந்தவ என் கையைப் பிடித்தா.

இப்போது ஒரு பெரிய வில்லை தந்திருக்கிறார்கள்.
உப்புநீர் நிரப்பி,
மேசைக்குக் குனிந்து,
தொழுவது மாதிரி முகத்தைக் கொண்டுபோய் ஒட்டவேண்டும்.
ஒரு குமிழி புகுந்தால் திரும்ப முதலிலிருந்து.
ஆனால் ஒட்டிவிட்டால்
கருவிழி சின்னக் குளத்துக்குள் இருக்கும்.
வெங்காயம் எரியாது.
பிறந்தநாள் வீடுகளில் மூட்டையோடு என் முன்னால் வைக்கிறார்கள்.
"அக்கா கண் கலங்காமல் வெட்டுவா."

புது மருந்து என் ரத்தத்திலேயே செய்கிறார்கள்.
எடுத்து, சுழற்றி, சிவப்பை விலக்கி,
தேன்நிறத்தில் மிஞ்சுவதைக் குப்பியில் அடைத்து.
உறைபெட்டியில்
துருவின தேங்காய்க்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன்.
சீட்டில் என் பெயர்தான்.
என் ரத்தம் பி பாசிட்டிவ்.
சீட்டில் ஓ என்று இருக்கிறது.
ஓ அவன்.

நேற்று இரவு போன் அடித்தது.
பிரம்ப்டன் இலக்கம்.
"கண் எப்படி?"
"எரியுது."
அந்தப் பக்கம் ஒரு குளிர்பெட்டியின் இரைச்சல்.
கடை இன்னும் பூட்டவில்லைப் போல.
"மருந்து விடுற நேரம். கொஞ்சம் நில்."

போனை மேசையில் மல்லாக்க வைத்துவிட்டு
முகட்டைப் பார்த்தேன்.
குளிர்ந்த சொட்டு விழுந்தது.
இமைத்தேன்.
அவன் வைக்கவில்லை.

"விட்டாச்சா?"

"ஒரு கண்.
மற்றது கிடக்கு."